பதினான்காம் தேதிக் கையெழுத்து

நூலகத்தில் அவளுக்கு இருந்த பெயர் துப்பு. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. துப்பறிகிறவள் என்பதைச் சுருக்கி யாரோ வைத்த பட்டம் அது. "துப்புக்கெட்டவள்னு வைக்காம விட்டாங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் சிரிக்க மாட்டார். "ஒரு இடத்துல இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து இந்தப் பேருதான் மிஞ்சுச்சா?" என்பார்.

நாட்டில் அச்சாகும் எல்லாமே வந்து சேரும் பெரிய நூலகம் அது. ஏழு மாடி, நானூறு ஊழியர். அவர்கள் எல்லாரும் நூல்களைப் பார்த்துக்கொள்ள, துப்பு ஒருத்தி மட்டும் நூலகத்தைப் பார்த்துக்கொண்டாள். எந்தச் சுவர் எப்போது எழுந்தது, எந்தப் பிரிவை எந்தக் கூட்டத்தில் மூடினார்கள், யார் சொல்லி யார் செய்தார்கள் என்பதையெல்லாம் தேடி எழுதி வைக்க வேண்டும். கதவில் 'நிறுவன வரலாற்றாளர்' என்று பலகை தொங்கியது. அட்டவணைச் சீட்டுத் தட்டச்சு செய்ய வந்தவள், படிப்படியாக ஏறி, ஆறு வருடங்களுக்கு முன் புதிதாக உருவாக்கிய இந்தப் பதவிக்கு வந்தாள். மூன்றாம் மாடியில் உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். அந்த நாற்காலிகளில் ஒன்றை அவள் உட்காரவும் விட்டுவைத்தார்கள்.

பதவி என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத வேலை என்றாலே இயக்குநருக்கு வேண்டிய வேலை என்று முடிவு கட்டினார்கள். அவள் ஒலிப்பதிவுக் கருவியோடு நடந்தால், உணவறையில் பேச்சு வானிலைக்கு மாறிவிடும். ஓய்வு பெற்றவர்களைப் பேட்டி காணப் போனால், "எந்தக் கேஸுக்கும்மா?" என்பார்கள். ஒரு முன்னாள் வாயில் காவலர், தான் பணியில் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை என்று கேட்காமலே மூன்று தடவை சொன்னார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தாளில் ஒரு தேதி இருந்தால், அந்தத் தேதியில்தான் அதை எழுதினார்கள் என்று நம்பவே மாட்டாள். கணவரின் கடையிலிருந்து ஒரு கனத்த லென்ஸ் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தாள். மையின் நிறம், ஊசி குத்திய துளை, மடிப்பு எல்லாவற்றையும் பார்ப்பாள். 'அனைவரும் ஒருமனதாக' என்று கூட்டக் குறிப்பில் கண்டால் போதும், அன்று யாரோ கதவை அறைந்துவிட்டு வெளியேறியிருக்கிறார் என்று தேட ஆரம்பித்துவிடுவாள். பாதி நேரம் அவள் நினைத்தது சரியாகவும் இருக்கும்.

நூலகத்துக்கு எழுபத்தைந்து வயது ஆகப்போகிறது, ஒரு வரலாற்று மலர் வேண்டும் என்று இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். வந்து ஒன்றரை வருடமே ஆன மனிதர். மேசையில் தூசு இல்லை, தாளும் இல்லை.

"கனமான புத்தகமா இருக்கட்டும் மேடம். கனமான விஷயம் வேண்டாம்."

"எதை விடணும்னு சொல்லிட்டீங்கன்னா நல்லது சார்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் சொல்றேன்."

இந்தப் பதிலை அவள் தன் அறைக்கு வந்து குறித்து வைத்துக்கொண்டாள்.

எட்டாம் அத்தியாயம் வரை சிக்கல் இல்லை. எட்டாவது, பழைய கட்டடத்திலிருந்து இப்போதைய கட்டடத்துக்கு இடம் மாறியதைப் பற்றியது. முப்பத்தொரு வருடங்களுக்கு முந்தைய சங்கதி. அப்போது அவள் இங்கே வேலைக்குச் சேரவில்லை. அவளுடைய அக்கா சேர்ந்திருந்தாள். நூல் வாங்கும் பிரிவில் தற்காலிகக் குமாஸ்தா. பின்னால் நிரந்தரமாகி, பிரிவுத் தலைவியாக இரண்டு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றவள்.

பழைய ஆவணங்கள் தரைத்தளப் பதிவறையில் இருந்தன. பதிவறைக்காரர் இடுப்பில் சாவிக்கொத்தும் முகத்தில் சந்தேகமுமாக இருப்பவர். எதைக் கேட்டாலும் "எதுக்கு?" என்றுதான் முதலில் சொல்வார். இடமாற்ற ஆண்டின் கோப்புகளைக் கேட்டாள். "எதுக்கு?" என்றார். சொன்னாள். ஐந்து கட்டுகள் வந்தன.

மூன்றாவது கட்டில் இரண்டே பக்கத்தில் ஓர் அறிக்கை. சில்லறை நூல் தொகுதியைச் சேர்ந்த எண்ணூற்று நாற்பத்தாறு கட்டுகள், பூச்சி அரிப்பாலும் ஈரத்தாலும் மீட்க முடியாதபடி சிதைந்துவிட்டன. மூவர் குழு நேரில் பரிசோதித்தது. அவை காகித ஆலைக்கு அனுப்பப்பட்டன. தேதி பதினான்கு. கீழே மூன்று கையெழுத்துகள். முதலாவது துணை இயக்குநர், இரண்டாவது பைண்டிங் பிரிவுத் தலைவர். இருவரும் இறந்துவிட்டார்கள். மூன்றாவது கையெழுத்துக்குக் கீழே பெயரைப் படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக இவளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கை அது. கடைசி எழுத்தை இழுத்து அடியில் கோடாக முடிக்கும்.

அக்காவின் கையெழுத்து.

அதைவிட அந்தத் தேதிதான் அவளை எழுந்து நிற்க வைத்தது. அந்த மாதம் பதினான்காம் தேதி காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை, ஒரு பிரசவ அறைக்கு வெளியே மர பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அக்கா. நான்கு மணிக்குப் பெண் குழந்தை. வருடம் தவறாமல் அதே தேதியில் அந்தப் பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தவள் எண்ணூற்று நாற்பத்தாறு கட்டுகளை நேரில் பரிசோதித்தது எப்படி?

ஒரு சந்தேகம் வந்தால் அதைத் தனியாக விடுவது துப்புவின் வழக்கமில்லை. விடுப்புப் பதிவேட்டைக் கேட்டாள். அக்காவின் பேறுகால விடுப்பு ஒன்பதாம் தேதியே தொடங்கியிருந்தது. பைண்டிங் பிரிவின் பூச்சி மருந்துப் பதிவேட்டைக் கேட்டாள். அறிக்கைக்கு மூன்று மாதம் முன்பு சில்லறை நூல் தொகுதியை முழுசாகப் பார்த்து, 'பூச்சி இல்லை, ஈரம் இல்லை' என்று அதே பைண்டிங் தலைவர் தன் கையால் எழுதியிருந்தார். கட்டடக் குழுவின் குறிப்புகளைக் கேட்டாள். புதிய கட்டடத்தில் அடுக்குகளின் நீளம் கணக்கிட்டதைவிட இருபத்தெட்டு மீட்டர் குறைகிறது என்று ஒரு வரி; திறப்பு விழாவுக்கு முன் 'உரிய நடவடிக்கை' எடுக்கத் துணை இயக்குநருக்குப் பொறுப்பு. எண்ணூற்று நாற்பத்தாறு ஒல்லிக் கட்டுகளை அடுக்கினால் ஏறக்குறைய இருபத்தெட்டு மீட்டர் வரும். அடுத்த அறைக்குப் போய் அதே போன்ற கட்டுகளை அடுக்கி அளந்தும் பார்த்துவிட்டாள்.

கடைசியாக வாயில் பதிவேடு. உள்ளே வந்த, வெளியே போன எல்லா வண்டிகளும் அதில் உண்டு. அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களிலோ காகித ஆலை லாரி ஒன்றுகூட வெளியே போகவில்லை.

பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பதிவறைக்காரர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதறீங்க?"

"நீங்க என்னென்ன கேக்கறீங்கன்னு எழுதறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"யாரு கேப்பாங்க?"

"நீங்களே கேப்பீங்க" என்றார் அவர்.

லாரியில் போகவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பையில் போயிருக்க வேண்டும். அவள் புத்தி அப்படித்தான் ஓடியது. அந்தத் தொகுதியை மூன்று வருடம் தேடித் தேடி வாங்கியதே அக்காதான். தெருவில் விற்ற சின்னப் புத்தகங்கள்: பாட்டுப் புத்தகம், கடிதம் எழுதக் கற்பிக்கும் புத்தகம், கனவுக்குப் பலன் சொல்வது, கை வைத்தியம், நாடக நோட்டீஸ். பழைய காகிதக் கடைகளில் மூட்டை மூட்டையாகப் பொறுக்கி வந்து, பத்துப் பத்தாகச் சேர்த்து பைண்டு செய்து கட்டுகளாக்க வைத்தாள். அவற்றின் அருமை தெரிந்த ஒரே ஆள் அவள். அழிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தியும் அவள்.

அதன்பின் அக்கா செய்த ஒவ்வொன்றும் சாட்சியாகத் தெரிய ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அக்கா நூலகத்துக்குள் கால் வைக்கவில்லை. பஸ் அந்தத் தெரு வழியாகப் போனால் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடப்பாள். யாராவது சில்லறை நூல் என்று ஆரம்பித்தால் அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். அவள் படுக்கையறையில் ஒரு பெரிய மர அலமாரி உண்டு, எப்போதும் பூட்டியிருக்கும்.

"உங்க அக்காவையா சந்தேகப்படறே?" என்றார் கணவர், ஒரு கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே. "என் கடையில ஒரு ஃபிரேமைத் தொட்டுப் பார்த்தாக்கூட, வெச்சுட்டேன்னு சொல்லிட்டு வைக்கறவங்க அவங்க."

"அதுதான். ஏன் அப்படிச் சொல்லணும்?"

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "நீ கொஞ்ச நாள் லீவு போடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள். பேச்சு எங்கெங்கோ சுற்றியது. கேட்க வந்ததைக் கேட்க வாய் வரவில்லை. திடீரென்று மழை பிடித்தது. மொட்டை மாடியில் துணி காய்கிறது என்று அக்கா ஓடினாள். துப்பு எழுந்தாள். சாவி தையல் மெஷின் டிராயரில் இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வழக்கம். எந்த வீட்டில் இருந்தாலும் அக்கா சாவியை அங்கேதான் வைப்பாள். அலமாரியைத் திறந்தாள். போர்வைகள். பிறந்த குழந்தையின் உடுப்புகள், வெளுத்து மஞ்சளாகியிருந்தன. ஒரு காலணிப் பெட்டி. அதற்குள் மருத்துவமனையில் குழந்தை கையில் கட்டிய துணிப்பட்டை, புகைப்படங்கள். கீழ்த்தட்டில் இறந்துபோன அத்தானின் கடிகாரங்கள். ஒரு புத்தகம்கூட இல்லை. போர்வைகளுக்குப் பின்னால் கைவிட்டுத் தடவியும் பார்த்தாள்.

"இன்னும் உள்ளே தள்ளிப் பாரு. பின்னாடி பல்லி இருக்கும்."

ஈரத் துணிகளை நெஞ்சோடு அணைத்தபடி அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என் வீட்டையே சோதனை போடற அளவுக்கு வந்துட்டியாடி? என்ன தொலைஞ்சு போச்சு?"

பொய் சொல்ல நேரமில்லை. "பதினாலாம் தேதி" என்றாள் துப்பு. "அன்னிக்கு நீ எப்படிக்கா கையெழுத்துப் போட்டே?"

அக்கா துணிகளைக் கட்டிலில் போட்டாள். அலமாரியைத் தானே பூட்டினாள். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பதினேழாம் தேதி போட்டேன். பிள்ளை பெத்து மூணாம் நாள். துணை இயக்குநர் குழந்தையைப் பார்க்க வந்திருந்தாரு. அவ்வளவு பெரிய மனுஷன் நம்மளைப் பார்க்க வந்திருக்காரேன்னு உங்க அத்தான் ஓடி ஓடி நாற்காலி தேடினாரு. வந்தவரு குழந்தையைப் பார்த்தாரு, அழகா இருக்குன்னாரு. அப்புறம் பையில இருந்து தாளை எடுத்தாரு. ஏற்கெனவே தேதி போட்டிருந்துது."

"படிச்சுப் பார்த்தியா?"

"படிக்காம போடற ஆளா நான்?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு குரல் இறங்கியது. "படிச்சேன். பூச்சி இல்லைன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டையும் நான்தானே நம்பர் போட்டேன். சார், இதுல பூச்சி இல்லையேன்னு சொன்னேன். 'உன்னைப் பர்மனென்ட் பண்ற ஃபைல் என் மேசையிலதாம்மா இருக்கு'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. குழந்தை மடியில இருந்துது. இந்தக் கையால பிடிச்சுக்கிட்டு இந்தக் கையால போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கூழாக்கிட்டாங்க. லீவு முடிஞ்சு வந்தப்போ அடுக்கே இல்லை. யாரையும் கேக்கலை. கேட்டா என்ன சொல்வாங்கன்னு தெரியுமே." கட்டிலில் கிடந்த ஈரத் துணியொன்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துப்புவுக்கு வாயில் பதிவேடு ஞாபகம் வந்தது. லாரி போகவில்லை என்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. அக்கா சொன்னதில் பாதியை நம்பினாள், பாதியை நம்பவில்லை. சொந்த அக்கா அழும்போதுகூட, இது தேதி பிசகாத அழுகையா என்று பார்க்கிற தன் புத்தியை அன்றைக்கு அவள் வெறுத்தாள். மழை விட்டதும் கிளம்பினாள். அக்கா வழியனுப்ப எழுந்திருக்கவில்லை.

அந்தக் காலத்தில் அடுக்குகளில் வேலை பார்த்தவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். ஏணி என்று பெயர். ஏழாவது தட்டுக்கும் ஸ்டூல் இல்லாமல் கை எட்டும் உயரம். எழுபத்தெட்டு வயதாகியும் நிமிர்ந்துதான் நடந்தார். மகள் வீட்டில், நான்காவது மாடியில் இருந்தார். முதல் தடவை போனபோது கதவைச் சங்கிலியோடு பாதி திறந்தார்.

"உசுரோட இருக்கேனான்னு பார்த்துட்டுப் போக வந்தீங்களா? பென்ஷன் ஆபீஸ்ல ஏற்கெனவே காட்டிட்டேன்."

"இல்லைங்க ஐயா, நூலக வரலாறு எழுதறேன்."

"அதுல எனக்கு என்ன வேலை?" கதவு சாத்திக்கொண்டது.

இரண்டாம் தடவை மகள் உள்ளே விட்டாள். ஏணி வானொலியைத் திருகிக்கொண்டே இருந்தார். எதைக் கேட்டாலும் "ஞாபகம் இல்லை." சில்லறை நூல் என்றதும் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். ஞாபகம் இல்லாதவர் சத்தத்தைக் கூட்ட மாட்டார் என்று துப்புவுக்குத் தெரியும்.

மூன்றாம் தடவை கருவியைக் கொண்டுபோகவில்லை. பேனாவை மட்டும் எடுத்தாள்.

"அதையும் மூடி வைங்க" என்றார். மூடினாள். "பைக்குள்ள போடுங்க." போட்டாள். "நீங்க வாங்கற பிரிவு அம்மாவோட தங்கச்சிதானே? சாடையைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. அதான் பேசலை. அவங்க பேருல பழி போட என்னைச் சாட்சி கூப்பிடறீங்கன்னு நினைச்சேன்."

"பழி போட வரலை. கட்டுகள் எங்கே போச்சுன்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

"எங்கேயும் போகலையே" என்றார் ஏணி.

பிறகு சொன்னார். கட்டுகளை இறக்கிக் கயிறு போட்டு வைக்கச் சொல்லித் துணை இயக்குநர் உத்தரவு. இறக்கி வைத்தார். காகித ஆலை ஆள் வந்து பார்த்துவிட்டு, அட்டையோடு எடுக்க மாட்டோம், அட்டையையும் தையல் நூலையும் கிழித்துக் கொடுங்கள் என்று போய்விட்டான். எண்ணூறு கட்டுகளைக் கிழிக்க மூன்று வாரம் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. விழா முடியும்வரை எங்கேயாவது கண்ணில் படாமல் தள்ளிவை என்றார் துணை இயக்குநர். விழா முடிந்த கையோடு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். அடுத்து வந்தவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

"எங்கே தள்ளி வெச்சீங்க?"

"அஞ்சாம் மாடி, அரசிதழ் வரிசை. இடம் பத்தலை, இடம் பத்தலைன்னாங்களே. நீளத்தை அளந்தாங்க, ஆழத்தை யாரும் அளக்கலை. அந்த அடுக்கு ரெண்டு வரிசை கொள்ளும். பின்னாடி இதை வெச்சேன், முன்னாடி அரசிதழை வெச்சேன். அதை எவன் வந்து கேக்கப் போறான்?"

"நீங்க அதைக் காப்பாத்தியிருக்கீங்க ஐயா."

"அப்படியெல்லாம் எழுதிடாதீங்க. கிழிக்கச் சோம்பேறித்தனம். அவ்வளவுதான்."

அவள் எழுந்தாள். வாசலுக்கு வந்தபோது அவர் பின்னாலிருந்து, "நம்பர் வரிசை மாறாமத்தான் வெச்சேன். கலைச்சுடாம எடுங்க" என்றார். சோம்பேறி எவனும் எண்ணூறு கட்டுகளை எண் வரிசையில் அடுக்க மாட்டான். இவர் சொன்னதிலும் ஏதோ ஒரு பாதி பொய். ஆனால் அதை அவள் துருவவில்லை.

மறுநாள் காலை ஐந்தாம் மாடியில் அடுக்குப் பணியாளரை வைத்துக்கொண்டு அரசிதழ்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஒவ்வொன்றும் கல் மாதிரி. முதல் தட்டில் நான்கை எடுத்ததும் பின்னால் இருட்டில் சின்ன முதுகுகள் தெரிந்தன. பழுப்புத் துணி, வெள்ளை எண்கள். பணியாளர், "இது எந்தக் கணக்குலயும் இல்லையே!" என்று பின்வாங்கினார், ஏதோ திருட்டுக்குத் தன்னைச் சாட்சியாக நிறுத்திவிட்டதுபோல. துப்பு ஒரு கட்டை உருவினாள். பூச்சி இல்லை. ஈரம் இல்லை. தாள் கொஞ்சம் மஞ்சளித்திருந்தது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் சேர்க்கை எண்ணும் தேதியும் கையெழுத்தும். கடைசி எழுத்து இழுபட்டு அடியில் கோடாக முடிந்திருந்தது.

இரண்டு நாள் எண்ணினாள். எண்ணூற்று முப்பத்தொன்பது. ஏழு குறைந்தது.

இயக்குநர் குதூகலமாகிவிட்டார். "கண்டெடுப்பு! முப்பது வருஷமா மறைஞ்சிருந்த செல்வம்! இதையே மலர் வெளியீட்டுல காட்சிக்கு வெச்சிடலாம்."

"எப்படி மறைஞ்சுதுன்னும் எழுதணும் சார்."

"இடமாற்றத்தின்போது தவறுதலாக இடம் மாறியவை. ஒரே வரி."

"அறிக்கை இருக்கு சார். கையெழுத்து இருக்கு."

"அதுல ஒண்ணு உங்க அக்காவோடதாமே?" என்றார் இயக்குநர் மெதுவாக. பதிவறைக்காரரின் நோட்டு எங்கே போகிறது என்பது அப்போது அவளுக்குத் தெரிந்தது. அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டாள். "உங்க நல்லதுக்குத்தான் மேடம் சொல்றேன். மூவர் குழுன்னு போட்டாப் போதும். பேரு எதுக்கு?"

அவர் கரிசனமாகச் சொன்னாரா, பயமுறுத்தினாரா என்று அவள் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. வேறு யார் பெயராக இருந்தாலும் எழுதியிருப்பாள் என்பது மட்டும் அவளுக்கு உறுதி. அக்கா பெயரை மட்டும் மறைத்தால், இத்தனை வருடம் மற்றவர்களைச் சந்தேகப்பட்டதற்கு என்ன அர்த்தம்? எழுதினாலோ, குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவளை ஊர் முன்னால் நிறுத்தியதாகும்.

அக்கா வீட்டுக்குப் போனாள். கட்டுகள் இருக்கின்றன என்றாள்.

அக்கா ரொம்ப நேரம் அவள் முகத்தையே ஆராய்ந்தாள். "யார் சொல்லி இதைச் சொல்றே?"

"நானே பார்த்தேன்கா. எண்ணினேன்."

"அலமாரியைக் குடைஞ்சதுக்குச் சமாதானம் பண்ண வந்தியா? இந்த வயசுல எனக்கு ஆறுதல் வேண்டாம்டி."

"வந்து பாரேன்."

"வர மாட்டேன்" என்றாள். வெள்ளிக்கிழமை காலை நூலகம் திறந்ததும் வாசகர் வரிசையில் நின்றிருந்தாள். பணியாளர் வாசல் வழியாக விடலாம் என்று துப்பு ஓடிவந்து கூப்பிட்டும் அக்கா கேட்கவில்லை. சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

ஐந்தாம் மாடியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கட்டை எடுத்தாள். பின்புறத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"இது என் எழுத்துதானா? நீ எழுதி வெக்கலையே?"

"அக்கா!"

"உனக்கு என் கையெழுத்து நல்லா வரும். எனக்குத் தெரியும்."

இரண்டாவது கட்டை எடுத்தாள். மூன்றாவதை வேண்டுமென்றே வேறொரு தட்டிலிருந்து உருவினாள். துப்பு தன் லென்ஸை நீட்டினாள். அக்கா அதை வாங்கி மையைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு கட்டுகள் ஆகியிருக்கும். ஒரு கட்டில் பக்கங்களுக்கிடையே காகிதக் கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தது, அக்கா அந்தக் காலத்தில் கிண்டலாக ஏதோ கிறுக்கியதோடு. அதைப் படித்ததும் அடுக்குப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "துணை இயக்குநர் தெரிஞ்சே விட்டிருப்பாரோ?" என்றாள். "இல்லை, அந்த ஆளு அப்படிப்பட்டவர் இல்லை."

"என்ன எழுதட்டும்கா?"

"என்ன நடந்துதோ அதை எழுது. பேரைப் போடு. பதினாலுன்னு இருக்கு, பதினேழுதான் சரின்னும் போடு." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "பயந்துட்டுப் போட்டேன்னு எழுதாதே. பயந்தேன், அது எனக்குத் தெரியும். ஊருக்கு எதுக்கு?"

எட்டாம் அத்தியாயத்தைத் துப்பு அப்படியே எழுதினாள். மூன்று பெயர்கள், இரண்டு தேதிகள், பூச்சி மருந்துப் பதிவேட்டின் வரி, வாயில் பதிவேட்டில் இல்லாத லாரி. பயம் பற்றி ஒரு சொல் இல்லை. இயக்குநர் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். இரண்டு தடவையும் அவள் அதே பக்கங்களை அதே எழுத்துப் பிழைகளோடு மேலே அனுப்பினாள். மூன்றாம் தடவை அவர் பிழைகளை மட்டும் திருத்திக் கையெழுத்துப் போட்டார். ஏன் இறங்கி வந்தார் என்று அவளுக்கு விளங்கவில்லை. நல்ல மனசு என்று கணவர் சொன்னார். அவள் வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மலர் வந்தது. பைண்டிங் தலைவரின் குடும்பத்திலிருந்து கோபமாக ஒரு கடிதம் வந்தது. அதற்கும் ஒரு கோப்பு திறந்தாள். ஓய்வு பெற்றவர்கள் சிலர் அக்காவைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்கள். ஏணிக்கு அழைப்பு அனுப்பினார்கள். மகள்தான் வந்தாள், அப்பாவுக்குத் தலைவலி என்றாள். அவரைப் பற்றிய பத்தியில், 'எண் வரிசை மாறாமல் அடுக்கினார்' என்று மட்டும் துப்பு எழுதியிருந்தாள். உணவறையில் அவள் நுழைந்தால் பேச்சு இப்போதும் வானிலைக்குத்தான் மாறுகிறது.

செவ்வாய், வெள்ளிகளில் அக்கா வருகிறாள். எண்ணூற்று முப்பத்தொன்பதுக்கும் புதிய அட்டவணை தயாரிக்கிறாள், ஊதியம் இல்லாமல். மாலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புகிறார்கள். காணாமல் போன ஏழு கட்டுகள் கை வைத்தியம் பற்றியவை என்று அக்கா கண்டுபிடித்திருக்கிறாள். ஏணிதான் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவள் கட்சி: எழுபத்தெட்டு வயதில் மனிதன் அப்படி நிமிர்ந்து நடக்கிறானே, எப்படி? பைண்டிங் தலைவராக இருக்கும் என்பது துப்புவின் கட்சி. அந்தக் கோபக் கடிதத்தில் கேட்காததற்கெல்லாம் பதில் இருந்தது.

"சரி, ஏணி வீட்டுக்குப் போய்க் கேளேன்" என்றாள் அக்கா.

"நீ வா. உன்னைப் பார்த்தா சங்கிலியை எடுப்பாரு."

"எடுத்துட்டா அப்புறம் என்ன கேக்கறது?"

பஸ் நூலகத் தெருவைத் தாண்டியது. "அதை உள்ளே போனதும் பார்த்துக்கலாம்" என்றாள் துப்பு.